தேசம்மாவின் ஊற்றும் எங்கள் லாரியும்

"மோந்து பாருக்கா" என்றாள் தேசம்மா.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கையில் லேபிள் உரிந்த பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில். அதில் முக்கால் அளவுக்குத் தண்ணீர். செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. ஆபீசுக்குக் கிளம்பி ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் குறுக்கே வந்து பாட்டிலை நீட்டினாள்.

பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். இருபது வருடத்துக்கும் மேலாகத் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. துரு வாடை, பாசி வாடை, குளோரின் வாடை எல்லாம் என் மூக்குக்கு அத்துப்படி. இது வேறு. இந்த வாடையும் எனக்குத் தெரிந்ததுதான். எங்கே தெரியும் என்பதுதான் அந்த அவசரத்தில் பிடிபடவில்லை.

"ஊத்துல மீனு செத்து மெதக்குது. எம் பொண்ணுக்கு நாலு நாளா வாந்தி பேதி, ஆஸ்பத்திரில சேத்துக்கீறேன். நீதான் தண்ணி ஆபீஸ்ல கீறியே. இதுல இன்னா கீதுன்னு எழுதிக் குடு. அத்த வெச்சிக்கினு நான் கேக்குறேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஏரிக்கரையில் இருக்கும் ஊற்று கெட்டுப்போய்விட்டது என்று ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுக்க எனக்கு எத்தனை நாள் ஆனது, நடுவில் நான் என்ன காரியம் செய்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை. கோபத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதலாமே என்று இந்தத் தொடரைப் படிக்கும் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். இந்த வாரம் அவர் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

முள் வெட்ட வந்தவள்

தேசம்மா இருளர் பழங்குடியைச் சேர்ந்தவள். சென்னீர்குப்பத்திலிருந்து ஆவடி போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய், மண்பாதையில் இறங்கினால் ஏரிக்கரை. அங்கே தார்ப்பாய் போட்ட குடிசைகளில் அவர்கள் ஜனம் இருக்கிறது. நெடுஞ்சாலை அகலமாவதற்கு முன்பு, மெட்ரோ தூண்கள் எழும்புவதற்கு முன்பு, எங்கள் குடியிருப்புக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு எவ்வளவோ முன்பு அங்கே வந்தவர்கள். பட்டா கிடையாது. ஏரிப் புறம்போக்கு.

எங்கள் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் சீமைக் கருவேலம் வெட்ட அவளும் அவள் புருஷனும் வந்தார்கள். அப்படித்தான் பழக்கம். ஒரு மத்தியானம், வெயிலில் வெட்டுகிறாளே என்று எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிச்சத்தை மண்ணில் ஊற்றினாள்.

"கோச்சிக்காதக்கா. உங்க தண்ணி இரும்பு."

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீரைப் பற்றி என்னிடமே சொல்கிறாளே என்று. மறுநாள் எங்கள் போர்வெல் தண்ணீரை ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். இரும்பு அளவுக்கு மேல்தான் இருந்தது. அவள் நாக்கு ஒரே வாயில் சொன்னதைச் சொல்ல எங்கள் மெஷினுக்கு அரை நாள் பிடித்தது. அதற்கப்புறம் அவள் தூக்கில் கொண்டுவரும் ஊற்றுத் தண்ணீரை நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். தண்ணீருக்கு இனிப்பு உண்டு என்று படித்ததை அப்போதுதான் நம்பினேன்.

ஆவடியில் வந்த பழுப்புத் தண்ணீர்

இந்த இடத்தில் என் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நாங்கள் வளர்ந்தது குவார்ட்டர்சில். ஒருநாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. அம்மா வாளியோடு வாசலுக்கு வந்து எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டிலும் அதே நிறம். ஸ்கூல் ரீசஸ் விடுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. சாயங்காலம் குழாயைச் சரிசெய்த பிறகு பெரிய இன்ஜினியரே தெருவில் நின்று, எல்லாரும் பார்க்க ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார்.

தண்ணீர் கெட்டால் உலகம் இப்படித்தான் ஓடி வரும் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். இந்த வேலைக்கு வந்ததற்கே அந்த ஜீப்தான் காரணம். எங்கள் வீட்டுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் நம்பர் இருந்ததால்தான் ஜீப் வந்தது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

கழுவிய பாட்டில்

தேசம்மா கொண்டுவந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பரிசோதனைக்கு எடுக்க முடியாது. அதற்கென்று கிருமி நீக்கிய பாட்டில் உண்டு. மூடிமேல் பழுப்புக் காகிதம் சுற்றி நூல் கட்டியிருக்கும். மறுநாள் ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேரே வா, ஐஸ் பெட்டி தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கழுவக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. அது என் பிழை.

கொண்டுவந்தாள். காகிதம் இல்லை, நூல் இல்லை. பாட்டில் பளபளவென்று மின்னியது. சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்து, வேலியில் கவிழ்த்து வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் தண்ணீர் பிடித்திருக்கிறாள். வெளியிலிருந்து வரும் பாத்திரம் எதையும் கழுவாமல் ஊற்றில் இறக்குவது அவர்களிடம் வழக்கமில்லை.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. கழுவினதாலேயே கெட்டுப்போச்சுடி என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எங்க ஊத்துக்குள்ள போற சாமான நாங்க கழுவாம எப்பிடிக்கா, என்று மெதுவாகக் கேட்டாள். நானே வருகிறேன் என்றேன்.

எங்கள் லாரி

சனிக்கிழமை விடிந்ததும் போனேன். ஏரிக்கரையின் சரிவில், இரண்டு சிமெண்டு உறை இறக்கிய சின்னக் குழி. அதுதான் ஊற்று. பத்தடி தள்ளியே செருப்பைக் கழற்றச் சொன்னாள். மொள்ளுவதற்கு ஒரே ஒரு அலுமினியக் குவளை, கயிற்றில் கட்டித் தொங்கியது. யாரும் தன் குடத்தை நேராக இறக்கக் கூடாது. ஒருவர் மொண்டதும், தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஊறும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். குழிக்குள் எப்போதும் ஏரியிலிருந்து பிடித்த கெண்டைக் குஞ்சுகள் நாலைந்து விட்டிருப்பார்கள். மீன் சுறுசுறுப்பாக ஓடினால் குடிக்கலாம். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் குடிக்கக் கூடாது. அவர்களுக்கு அதுதான் பரிசோதனைக்கூடம்.

நான் போனபோது மீன் இல்லை. செத்ததை எடுத்துப் புதைத்துவிட்டார்கள். புது மீனும் ஒரே நாளில் மிதந்ததாம்.

கையை அலம்பி, பாட்டிலைத் திறந்து, தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். மூடியை அழுத்தும்போது பாதையில் லாரிச் சத்தம். மஞ்சள் டேங்க் போட்ட கழிவுநீர் லாரி, ஊற்றுக்கு மேலே கரையில் வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, தடித்த குழாயை இழுத்துப் பள்ளத்தில் போட்டு வால்வைத் திறந்தான். அந்த வாடை வந்தது. பாட்டிலில் இருந்த அதே வாடை. செவ்வாயும் சனியும் எங்கள் குடியிருப்பில் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கும்போது நான் ஜன்னலை அடைக்கிற அதே வாடை.

டிரைவர் ஏழுமலை. எங்கள் கேட்டில் டீ வாங்கிக் குடிக்கிறவன். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"இன்னா மேடம், நீங்க இங்க?"

யார் வீட்டுக் கழிவு இது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"உங்க ஊட்டுதுதான் மேடம். இப்பதான் எட்த்துகினு வரேன்."

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் லைனில் நின்று நின்று பாதி நாள் போய்விடும், உங்கள் செகரட்டரியோ சீக்கிரம் வா சீக்கிரம் வா என்று போன் மேல் போன் போடுகிறார், நான் என்ன செய்ய என்றான். குரலில் திமிர் இல்லை. அவனுக்கு அது ஒரு வேலை. தேசம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

இல்லாத இடத்துத் தண்ணீர்

ஐஸ் பெட்டியோடு நேரே ஆபீசுக்குப் போனேன். எங்களுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. பெரும்பாலான ஆபீஸ்களில் இதுதான் நடக்கும்.

தண்ணீரைச் சோதிக்கும் முன் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். குடிநீர் ஆதாரத்தின் எண், குடியிருப்பின் பெயர், உரிமையாளர் முகவரி. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த பக்கம் திறக்காது. ஏரிக்கரை ஊற்றுக்கு எண் இல்லை. குடியிருப்பு என்ற பட்டியலில் அந்த இடமே இல்லை. அதிகாரியிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர், அதட்டிப் பேசவே மாட்டார். மேப்பைத் திறந்து காட்டினார். நீலமாக ஏரி மட்டும் இருந்தது.

"குடியிருப்பே இல்லாத எடத்துல குடிநீர் எப்படிம்மா இருக்கும், வசந்தி?"

அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் சார், ஒரு பெண்பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் சார் என்றேன். வருத்தமாகத்தான் தலையை ஆட்டினார். எண் வாங்கிக்கொண்டு வரட்டும், உடனே செய்து கொடுக்கலாம் என்றார். எண் யார் தருவார்கள் என்றால், பட்டா இருந்தால் தருவார்களாம். பட்டா யார் தருவார்கள் என்று நான் கேட்கவில்லை. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அன்றைக்குள் சோதனைக்கு வைக்காவிட்டால் அந்தத் தண்ணீரும் வீண்.

என் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எங்கள் குடியிருப்பின் போர்வெல்லுக்கு எண் உண்டு, வருடா வருடம் சோதிப்பதால் எனக்கு மனப்பாடம். அதை அடித்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெயர், முகவரி. எல்லாக் கட்டமும் நிரம்பியது. அடுத்த பக்கம் வழுக்கிக்கொண்டு திறந்தது.

என் சர்வீசில் நான் எழுதிய ஒரே பொய் அது. அதை நியாயப்படுத்தப் போவதில்லை.

அப்பாடா

ரிப்போர்ட் வந்தது. மலக்கிருமி. குடிக்கத் தகுதியற்றது. நான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். ஆனால் இன்னொரு பிரதி தானாகவே எங்கள் சங்கத்துக்கு மெயிலில் போகும் என்பதை மறந்தே போனேன்.

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் வாட்ஸப் குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் இருக்கும் வீடு, வயசானவர்கள் இருக்கும் வீடு, யார் பொறுப்பு என்று ஆளாளுக்கு எழுதினார்கள். கவுன்சிலருக்குப் போன் போனது. மறுநாள் காலையில் இன்ஜினியர் வந்தார், கூடவே இரண்டு பேர் குளோரின் டப்பாவோடு வந்தார்கள். கேன் தண்ணீர் வண்டி வண்டியாக இறங்கியது. நல்ல தண்ணீர் லாரி ஒன்று கேட்டில் வந்து நின்றது. டாக்டர் ஒருவர் கார் பார்க்கிங்கில் மேஜை போட்டு எல்லாருக்கும் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவடியில் வந்த ஜீப் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனையும் ஓடி வந்தது தேசம்மாவின் ஊற்றுத் தண்ணீருக்கு. வந்து நின்ற இடம் மட்டும் எங்கள் வாசல். எங்கள் பெயர் இருந்ததால் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அன்று மாலை அவசரக் கூட்டம். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அது நம் தண்ணீர் இல்லை, ஏரிக்கரை இருளர்களின் ஊற்று, அதில் இருப்பது நம் வீட்டு மலம், நம் லாரி கொட்டியது, ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை கிடக்கிறது. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பாடா. அப்போ நம்ம தண்ணி நல்லாத்தான் இருக்கு."

இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாதவர்கள். செகரட்டரி மட்டும் என்மேல் பாய்ந்தார். பீதியைக் கிளப்பினேனாம், வீடுகளின் மதிப்பு இறங்கிவிடுமாம். லாரி எங்கே கொட்டுகிறது என்பது கான்ட்ராக்டர் பிரச்சினையாம். பொய் எண் போட்டதற்கு ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். அது எனக்குத் தகும், வாங்கிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் காலையில் லாரி வழக்கம்போல் எங்கள் கேட்டிலிருந்து ஏரிக்கரைக்குக் கிளம்பியது.

பள்ளம்

ரிப்போர்ட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு தேசம்மாவிடம் போனேன். பெண் வீட்டுக்கு வந்திருந்தாள், கயிற்றுக் கட்டிலில் துணி மாதிரி கிடந்தாள். தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னாள். எங்கள் குடியிருப்பின் பெயர் வந்ததும் நிறுத்தினாள். நான் செய்ததைச் சொன்னேன்.

"எங்க தண்ணி, எங்க மீனு, எம் பொண்ணு வாந்தி. இதுக்கும் உங்க பேர்தான் போடுவீங்களாக்கா?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் எல்லாருமாகக் கடப்பாறையோடு இறங்கினார்கள். மண்ணைத் தோண்டுவதில் அந்த ஜனத்தை மிஞ்ச ஆளில்லை. கரைக்கு ஏறும் பாதையின் குறுக்கே ஆள் மட்டத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினார்கள். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு பக்கமும் முள்ளை வெட்டிப் போட்டார்கள். சனிக்கிழமை லாரி முள்ளைத் தள்ளிக்கொண்டு ஏறப் பார்த்து, முன்சக்கரம் இறங்கிச் சாய்ந்து நின்றது. ஏழுமலைக்கு அடி ஏதுமில்லை. லாரி முதலாளி ஸ்டேஷனுக்குப் போனார். பொதுப் பாதையைச் சேதப்படுத்தியதாகத் தேசம்மாமேலும் அவள் புருஷன்மேலும் வழக்குப் போட்டார்கள்.

மண்ணை வெட்டியவளுக்கு வழக்கு. மலத்தைக் கொட்டியவர்களுக்கு ஒன்றுமில்லை. அன்று ஸ்டேஷன் வாசலில் நின்று நான் பேசியதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

எஃப்.ஐ.ஆர். நகலைத் தேசம்மா என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். நடுவில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. 'ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் வசிக்கும் தேசம்மா' என்று இருந்தது.

குற்றம் சாட்டுவதற்கு முகவரி வேண்டுமே. அதற்காக அரசாங்கம் அந்த ஜனத்துக்கு ஒரு முகவரி எழுதிக் கொடுத்திருந்தது.

திங்கட்கிழமை புதுப் பாட்டிலோடு நானே ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் பிடித்தேன். இந்த முறை தேசம்மாவையும் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி எஃப்.ஐ.ஆரை இரண்டு தரம் படித்தார். மேப்பைத் திறக்கவில்லை. முத்திரை இருந்த காகிதம் அது, அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஊற்றுக்கு ஒரு எண் பிறந்தது.

ரிப்போர்ட் வந்ததும் அதை வைத்து மேலே மனு போட்டோம். பிறகு ஏரிக்கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகையும், இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் லாரியும் வந்தன. எங்கள் கழிவு லாரி இப்போது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது. செவ்வாயும் சனியும் அதன் பின்னாலேயே நான் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். குடியிருப்பில் எனக்கு மண்டைக்கோளாறு என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். வழக்கு இன்னும் முடியவில்லை, தேசம்மா வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஊற்றில் இன்னும் மீன் விடவில்லை.

அந்த ரிப்போர்ட்டை அவளிடம் கொடுத்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அவள் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்தாள். பிறகு விரலைக் கீழே இறக்கி மற்றக் கட்டங்களையெல்லாம் தடவிக்கொண்டே வந்தாள்.

"என் பேரு கீது, சரி. கொட்னவங்க பேரு எங்கக்கா?"

ஆதாரத்தின் எண் உண்டு, ஆழம் உண்டு, நிறம், வாடை, கலங்கல் எல்லாம் உண்டு. அதற்கு மட்டும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது என்று அவளிடம் சொன்னேன்.

அதை இங்கே நிரப்புகிறேன். வசந்தி, மூன்றாவது மாடி, சென்னீர்குப்பம்.